நெஞ்சுக்குக் குடிபோன இரைப்பை

“குழாயை எடுத்துட்டாங்க, சரி. அப்பச் சாப்பாடு எது வழியா உள்ள போகுது?”

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து தேனி அல்லிநகரத்து வீட்டுக்குத் திரும்பியவரைப் பார்க்க, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி இதுதான். வீட்டில் இருப்பவர்களுக்கே பல நேரம் பதில் தெரியாது. “உள்ள ட்யூப் வச்சிருக்காங்க” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்கள். கேட்டவர் மனத்தில் ஒரு ரப்பர் குழாய் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ரப்பர் குழாயும் ஒரு காலத்தில் இருந்ததுதான். 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற அறுவை மருத்துவர், ஒரு மூதாட்டியின் நெஞ்சுக்குள் இருந்த உணவுக்குழாயை வெட்டியெடுத்தார். கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை. இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். அந்த அம்மாள் அதன் வழியாகவே சாப்பிட்டுப் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். 1920-இல் ஜெர்மனியின் மார்ட்டின் கிர்ஷ்னர் வேறு வழி காட்டினார்: இரைப்பையையே மேலே இழுத்துவந்து கழுத்தில் தைத்தார். இன்றைக்கு உலகம் முழுவதும் பெரும்பாலும் நடப்பது அந்த இரண்டாவது வழிதான். அதாவது உள்ளே வைத்திருக்கும் ‘ட்யூப்’ நோயாளியின் சொந்த இரைப்பை. அகலமான பையை ஓரமாக வெட்டித் தைத்து, நீளக் குழல் போல ஆக்கி, வயிற்றிலிருந்து நெஞ்சுக்குள் ஏற்றி, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு இணைத்திருக்கிறார்கள். சிலருக்கு முதுகெலும்பின் முன்னால், பழைய குழாய் ஓடிய அதே தடத்தில். சிலருக்கு முன்பக்கம், மார்பெலும்புக்கு நேர் பின்னால். எந்தத் தடம் என்பது டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும். அந்த ஒரு வரி பின்னால் எவ்வளவு முக்கியம் என்று பார்ப்போம்.

நம் ஊருக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. நெஞ்சைப் பெரிதாகப் பிளக்காமல், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சிறு துளைகள் வழியே உணவுக்குழாயை விடுவித்தெடுக்கும் முறையில் 130 பேருக்குச் சிகிச்சை செய்த அனுபவத்தைக் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் 2006-இல் வெளியிட்டார்கள். அந்தக் குப்புறக் கிடத்தும் முறையை வெளிநாட்டு மருத்துவர்களும் பிறகு கையில் எடுத்துக்கொண்டார்கள். ஆபரேஷனைப் பற்றி இப்படிப் பெருமையாகப் பேச நிறைய இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வருடம், ஐந்தாவது வருடம் அந்த இரைப்பைக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

இடம் மாறினாலும் இரைப்பை இரைப்பைதான். அமிலம் சுரக்கும். அமிலம் சுரக்கிற இடத்தில் புண் வரலாம். எல்லாருக்கும் வருவதில்லை, சிலருக்குத்தான் வருகிறது. வயிற்றில் வரும் புண்ணைவிட நெஞ்சில் வரும் இந்தப் புண்ணுக்கு மூன்று விஷயங்கள் கூடுதல்: ஆறுவதற்கு ரத்தம் குறைவு, வந்ததைச் சொல்லும் வலி குறைவு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பெரிய இடத்துக்காரர்கள்.

முதலில் ரத்தத்தைப் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இரைப்பைக்குப் பல பக்கத்திலிருந்து ரத்த வாய்க்கால்கள் வருகின்றன. அதை நெஞ்சுக்கு ஏற்ற வேண்டுமானால், மிகப் பெரிய வாய்க்கால் உள்பட பெரும்பாலானவற்றைக் கட்டி அறுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது மேலே எழும்பாது. கடைசியில் இரைப்பையின் வெளி வளைவை ஒட்டி, வலப்பக்கத்தில் கீழிருந்து வரும் ஒரு தமனிதான் முழுப் பாசனத்தையும் பார்க்கிறது. பெரும்பாலும் அது ஒன்றுதான். குழலின் கீழ்ப்பகுதி தலைமடை, மேல்நுனி கடைமடை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் எப்படி வந்து சேரும் என்று சின்னமனூர் விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரத்த ஓட்டம் மெலிந்த இடத்தில் ஒரு சின்னக் கீறல் கூட ஆற மறுக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சுப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் நலிந்திருக்கும். பீடி சிகரெட்டை விடாதவருக்கும் அதே கதைதான், புகை புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

அடுத்தது நரம்பு. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு உணவுக்குழாயோடு ஒட்டியே வருவதால், குழாயோடு சேர்த்து அதையும் வெட்டிவிடுகிறார்கள். இந்த நரம்புதான் இரைப்பைக்கு ‘அமிலம் சுர’ என்று உத்தரவு போடுவது. மாத்திரைகள் வராத காலத்தில் வயிற்றுப்புண்ணுக்கு வைத்தியமாகவே இந்த நரம்பை வெட்டினார்கள். ஆகவே, இடம் மாறிய இரைப்பையில் புண் வராது என்று நினைப்பதற்கு நியாயம் இருந்தது. ஆனால் பெல்ஜியத்தின் லூவேன் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. முதல் வருடம் பலருக்கு அமிலம் குறைந்திருந்தது. மூன்று வருடம் தாண்டியவர்களைப் பார்த்தபோது பெரும்பாலானவர்களுக்கு அது பழையபடி திரும்பிவிட்டிருந்தது. நரம்பு இல்லாவிட்டாலும் ஹார்மோன் வழியாக உத்தரவு வந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த மூன்று வருடக் கணக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நோயாளி தேறிவிட்டார் என்று குடும்பம் மூச்சு விடுகிற நேரம் அது. சோதனைக்குப் போவது குறைந்து, ‘கேஸ் மாத்திரை’ எதற்கு என்று நிறுத்திவிட்டிருப்பார்கள். அமிலம் திரும்பி வருவதும் அப்போதுதான்.

வழியை மாற்றிக் கட்டிய இடத்தில் புண் வருவது தென்தமிழ்நாட்டு மருத்துவத்துக்குப் பழைய பாடமும்கூட. எவரெஸ்ட் ஏறப் போன 1922, 1924 குழுக்களில் இருந்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற ஆங்கிலேய மருத்துவர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். முன்சிறுகுடல் புண் அந்தப் பக்கத்தில் அவ்வளவு அதிகம். இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்து, புண் இருக்கும் இடத்தைச் சுற்றிப் போக ஒரு புது வழி போடுவது அக்காலத்து வைத்தியம். பலர் அதனால் பிழைத்தார்கள். சிலருக்கோ, புதிதாகத் தைத்த அந்த இணைப்பிலேயே மறுபடி புண் வந்தது. அதுவும் அமிலத்தின் வேலைதான்.

அமிலத்துக்குக் கூட்டாளிகள் உண்டு. ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984-இல் அதைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இந்தக் கிருமி பலருடைய வயிற்றிலும் பரவியிருக்கிறது. புற்றுநோய் ஆபரேஷன் அதை வெளியேற்றுவதில்லை. இரைப்பையோடு சேர்ந்து அதுவும் நெஞ்சுக்குக் குடிபோகிறது. இன்னொரு கூட்டாளி பித்தநீர். இரைப்பையின் கீழ்வாசலைச் சிலருக்கு விரித்துவிட்டிருப்பார்கள், சாப்பாடு தேங்காமல் இறங்குவதற்காக. விரிந்த வாசல் வழியே பித்தநீர் மேலேறி வந்து சுவரை அரிக்கும்.

மூன்றாவது கூட்டாளியைத்தான் நான் அதிகம் குற்றம் சொல்வேன், ஏனென்றால் அதை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம்.

விடிவதற்கு முன்பே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடித்துப் போய், பொழுதெல்லாம் குனிந்து வேலை பார்த்துத் திரும்புகிறவர்களுக்கும், சந்தையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் உடம்புவலி என்பது தினசரிக் கூலியின் ஒரு பகுதி. மெடிக்கல் ஷாப்பில் நின்று, “அண்ணே, மேலு வலிக்கு ரெண்டு செட்டு குடுங்க” என்றால் போதும். அந்தச் செட்டில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. பெரும்பாலும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இவற்றில் ஒன்று இருக்கும். இரைப்பைச் சுவரைப் பாதுகாக்கும் சளிப்படலத்துக்கும் அதன் ரத்த ஓட்டத்துக்கும் உடம்பு சுரக்கும் ஒரு பொருளை இந்த மாத்திரைகள் நிறுத்திவிடுகின்றன. சாதாரண வயிறே இதனால் புண்ணாகும். கடைமடை இரைப்பை எப்படித் தாங்கும்?

“மாத்திரைதான வயித்தைக் கெடுக்கும், ஊசியாப் போட்டா ஒண்ணும் செய்யாது” என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு. சரியில்லை. மாத்திரை உள்ளே போய்ச் சுவரில் உரசுவது கெடுதலில் சின்னப் பங்குதான். பெரிய கெடுதல் ரத்தத்தில் கலந்த பிறகு நடக்கிறது. இடுப்பில் போட்ட ஊசியும் ரத்தத்தில்தான் கலக்கிறது. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேட்பதுதான் இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்கு முறை. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதிலும் உயிர் ஆபத்து இருக்கிறது. ‘எனக்கு இரைப்பை நெஞ்சில் இருக்கிறது’ என்று இதய மருத்துவரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்து முடிவு செய்வார்.

இனி, புண் வந்தால் நடப்பது. வயிற்றுப்புண்காரருக்கு மேல்வயிறு எரியும், பசித்தால் வலிக்கும். இவர்களில் பலருக்கு அந்த அடையாளமே இருக்காது. நரம்பு வெட்டுப்பட்டிருக்கிறது, இரைப்பையும் இடம் மாறியிருக்கிறது. வலி வந்தாலும் நெஞ்சிலோ முதுகிலோ தோளிலோ வரும். அதனால் பலருக்கு முதல் தகவலே ரத்தமாகத்தான் வருகிறது. காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி, அல்லது தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, தனியொரு நாற்றம் வீசும் மலம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தார் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. சந்தேகம் என்றால் காட்டிவிடுவதே நல்லது. ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மலத்தின் நிறம்கூட மாறாது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும். “கேன்சர் வந்த ஒடம்பு, அப்பிடித்தான் இருக்கும்” என்று அதையும் விட்டுவிடுவார்கள். ஒரு ஹீமோகுளோபின் சோதனையில் தெரிந்துபோகிற விஷயம் இது.

ரத்தக் கசிவைவிடப் பெரியது, புண் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போவது. வயிற்றில் இருக்கும் புண் வெடித்தால் பக்கத்தில் குடல் இருக்கும், கொழுப்பு மடிப்பு இருக்கும்; சில நேரம் அவையே வந்து ஓட்டையை மூடிக்கொள்ளும். நெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்று பாருங்கள்: இதயம், மூச்சுக்குழல், நுரையீரல், பெருந்தமனி.

மூச்சுக்குழல் பக்கம் துளைத்தால், தண்ணீர் குடித்த கையோடு இருமல் வரும். குடித்த காப்பியே சளியோடு வெளியே வரலாம். திரும்பத் திரும்ப நிமோனியா வரும். காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிடும் அபாயமும் உண்டு. நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் போனால் சீழ் கட்டும், காய்ச்சல் விடாது. பெருந்தமனியைத் தொட்டுவிட்டால், முதலில் ஒரு வாய் ரத்தம் மட்டும் வந்து நின்றுவிடும். எல்லாரும் ‘நின்றுவிட்டதே’ என்று நிம்மதியாக இருப்பார்கள். சில மணி நேரத்திலோ சில நாளிலோ வருவது நிற்காத வெள்ளம். அந்த முதல் வாய் ரத்தத்துக்கே ஓட வேண்டும். நின்றுவிட்டது என்று காலை வரை காத்திருக்கக் கூடாது. மார்பெலும்புக்குப் பின்னால் ஏற்றிய இரைப்பை என்றால், மார்பின் முன்பக்கம் கட்டி போல வீங்கி, தோல் சிவந்து காட்டலாம்.

இதய உறைக்குள் துளைப்பது அரிது. அரிதாக இருந்தாலும் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஏமாற்றக்கூடியது. நெஞ்சு பிசைகிறது, வியர்க்கிறது, தோள்பட்டைக்கு வலி ஓடுகிறது. ஈ.சி.ஜி. எடுத்தால் அதிலும் மாற்றம் தெரிகிறது. இதய உறையில் அழற்சி வந்தால் கோடுகள் மாரடைப்பு போலவே எழும்பும். ராத்திரி டூட்டி பார்க்கும் இளம் மருத்துவர் மாரடைப்பு என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மாரடைப்புக்குக் கொடுக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இந்த இடத்தில் போட்டால் புண்ணிலிருந்து ரத்தம் பீறிடும். ‘இவருக்கு உணவுக்குழாய் ஆபரேஷன் ஆகியிருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால் அவர் ஒரு எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுத்துப் பார்த்திருப்பார். இதயத்தைச் சுற்றிக் காற்று நிற்பது அதில் தெரியும்.

எக்ஸ்ரேயிலும் ஒரு குழப்பம் உண்டு. நெஞ்சில் இருக்கும் இரைப்பைக்குள் பாதி காற்றும் பாதி தண்ணீருமாக நிற்கும். விவரம் தெரியாமல் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது நுரையீரலில் சீழ்க்கட்டி போலத் தெரியலாம். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விடுவதென்றாலும் சரி, நெஞ்செலும்பைப் பிளந்து பைபாஸ் செய்வதென்றாலும் சரி, வயிற்றில் வேறு ஏதாவது ஆபரேஷன் என்றாலும் சரி, இரைப்பை இடம் மாறிய செய்தி தெரியாமல் கை வைக்கக் கூடாது. நான் முன்னால் சொன்ன அந்த ஒற்றைத் தமனி அறுபட்டால் முழுக் குழலும் அழுகிப்போகும். இதனாலேயே, வெடித்த புண்ணுக்கு மறு ஆபரேஷன் செய்வது கைதேர்ந்தவர்களுக்கும் கடினமான வேலை.

இத்தனையும் படித்துப் பயந்துபோயிருப்பீர்கள். துளைக்கும் வரை போகாமல் கண்டுபிடித்துவிட்டால் இந்தப் புண் பெரும்பாலும் மாத்திரைக்கே அடங்கும். எண்டோஸ்கோப்பியில் பார்த்து, புண்ணின் ஓரத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். “மறுபடி கேன்சரா டாக்டர்?” என்று வீட்டார் நடுங்குவார்கள். பழைய நோய் திரும்பியதா, அந்த இரைப்பையிலேயே புது நோய் முளைத்ததா, வெறும் புண்ணா என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்தத் துணுக்கு. ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகவே ஊசி போட்டோ கிளிப் மாட்டியோ நிறுத்தப் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் இரண்டு மூன்று ஆன்டிபயாடிக்கும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து பத்துப் பதினான்கு நாள். நாலாம் நாளே வாய் கசக்கிறது என்று விட்டுவிட்டால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

கடைசியாக அந்தக் கேஸ் மாத்திரை. பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல், ரபிப்ரசோல் என்று சீட்டில் இருப்பதுதான். ‘கேஸ்’ என்று பெயர் வைத்ததே கெடுதலாகிவிட்டது. வயிறு உப்பினால் போடுவது, உப்பாவிட்டால் விடுவது என்று ஆக்கிவிட்டார்கள். அது அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கும் மருந்து. சாப்பாடு வரும்போதுதான் பம்புகள் ஓட ஆரம்பிக்கும். அதற்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரையை விழுங்கியிருந்தால்தான் பிடிக்கும். காலை இட்லியோடு சேர்த்து விழுங்கினால் பலன் குறைந்துபோகும். மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் குடிப்பதும் சரியில்லை. மேல்பூச்சு உடைந்தால் அமிலத்திலேயே மருந்து கெட்டுவிடும். தைத்த இடம் சுருங்கி மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கு, கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் சின்ன உருண்டைகளைக் கடிக்காமல் விழுங்கும் வகை உண்டு. எது தோதாகும் என்று மருந்தாளுநரையோ மருத்துவரையோ கேட்கலாம். ‘ரொம்ப நாள் சாப்பிட்டால் கிட்னி போய்விடும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பார்த்து நிறுத்துகிறவர்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நீண்ட நாள் சாப்பிடுவதில் கவனிக்க வேண்டியவை உண்டு, பி12 குறைவது போல. இந்த ஆபரேஷனே பி12-ஐயும் இரும்புச்சத்தையும் குறைக்கும் என்பதால் ரத்தச் சோதனை எப்படியும் வேண்டும். நிறுத்துவதா, குறைப்பதா என்பதை அந்த இரைப்பையைத் தைத்தவர்கள் சொல்லட்டும்.

அல்லிநகரத்திலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆண்டிபட்டி சாலையில் சீக்கிரம் போய்விடலாம். மதுரைக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஆபரேஷன் செய்தது மதுரையோ கோவையோ வேலூரோ, ராத்திரி ரத்த வாந்தி எடுத்தால் முதலில் போகும் இடம் பக்கத்து ஆஸ்பத்திரிதான், அங்கே இருப்பவர்களுக்கு இவரைத் தெரியாது. காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கும் அதே பிளாஸ்டிக் உறையில் ஒரு சீட்டு இருக்கட்டும். ஆபரேஷன் தேதி, செய்த ஆஸ்பத்திரி, இரைப்பை முதுகெலும்புக்கு முன்னாலா மார்பெலும்புக்குப் பின்னாலா, கதிர்வீச்சு உண்டா இல்லையா, இப்போது சாப்பிடும் மருந்துகள். டிஸ்சார்ஜ் சீட்டைப் போட்டோ எடுத்து மகன் செல்போனிலும் மருமகள் செல்போனிலும் ஏற்றி வையுங்கள், யார் கூடப் போவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும். 108 வண்டியில் ஏறியதும், நெஞ்சுவலி என்று சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டியது: “இவருக்கு இரைப்பை நெஞ்சுக்குள்ள இருக்கு.”